கண்ணாடிக்குப் பின்னால் காயும் ஆயா

ஜூன் மாதக் குளிரில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயா, மூடிய ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காலை வெயில் காய்வார். "எலும்புக்கு நல்லதுப்பா" என்பார். வெயில் எலும்புக்கு நல்லதுதான். ஆனால் எலும்புக்கு வேண்டிய கதிர் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை.

290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர் பட்டால்தான் தோலிலுள்ள ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். தோலைச் சுருங்க வைக்கும் ஏ கதிரைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். இளவெயிலிலும் பி கதிர் குறைவு. சாய்ந்து வரும் ஒளி ஓசோனுக்குள் நெடுந்தூரம் கடக்க வேண்டியிருப்பதால் வழியிலேயே வடிகட்டப்படுகிறது.

இதை அறிய நிழலே போதும். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் பி கதிர் வலுவாக இருக்கிறது. டர்பனில் டிசம்பர் நண்பகலில் ஐந்தடி ஆளின் நிழல் அரையடியைச் சற்றே தாண்டும். ஜூன் நண்பகலில் ஏழடியை நெருங்கும். இன்னும் தெற்கே உள்ள கேப் டவுனில் குளிர்காலத்தில் தோல் மிகக் குறைவாகவே வைட்டமின் டி தயாரிக்கிறது.

நம் தோலுக்குக் கறுத்த நிறம் தரும் மெலனினும் பி கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் வெள்ளைத் தோலைவிட நமக்கு அதிக நேரம் வேண்டும். 1860-இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கு வந்தவர்களுக்குக் கரும்புத் தோட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் வழிவந்தவர்களில் பலருக்கோ வீடு, கார், ஆபீஸ் என்று பகல் முழுவதும் கண்ணாடிக்குள்ளேயே போகிறது.

அதற்காக மணிக்கணக்கில் வாட்டிக்கொண்டால் வைட்டமின் டி பெருகாது. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்ல விரும்புகிறேன். ஓரளவு உருவானதும், அதே வெயில், வைட்டமின் டி ஆக மாறவிருக்கும் முன்பொருளைப் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். அதன்பின் மிஞ்சுவது தோல் செல்களின் மரபணுச் சேதம் மட்டுமே. கறுத்த தோலுக்கும் புற்றுநோய் வரும். உள்ளங்காலில் வந்தால் கவனிக்கத் தாமதமாகிவிடும்.

ஆகவே குளிர்காலத்தில் நண்பகலில் கைகால் தெரியச் சற்று நேரம் வெளியே நில்லுங்கள். கோடையில் அந்த நேரத்தில் சில நிமிடங்களே போதும். பிறகு தொப்பி, முழுக்கை, சன்ஸ்கிரீன். வெற்றுத் தோளோடு தைப்பூசக் காவடி எடுப்பவர்கள் புறப்படும் முன்பே கிரீமைப் பூசிக்கொள்ளட்டும்.

வயதாக ஆகத் தோலிலுள்ள அந்தக் கொழுப்புப் பொருளும் குறைந்துவிடும். ஆகவே ஆயாவின் வயதில் வெயிலை மட்டும் நம்ப முடியாது. வைட்டமின் டிக்காகவே எங்கள் வீட்டில் டின் மீன் குழம்பு அடிக்கடி கொதிக்கிறது. ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் கொடுத்த மாத்திரையும் உண்டு. நாற்காலி மட்டும் பன்னிரண்டு மணிக்கு வெளிவாசலுக்கு வந்துவிடுகிறது.