பெட்டியைத் தொட்டால் எறும்பு ஊருதா?

“தம்பி, புதுக் கொம்பியூட்டர்ல கை வச்சா எறும்பு ஊர்ற மாதிரி இரிக்கு. பழுதா?”

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோல் எடுத்தார். வாங்கி இரண்டு மாதந்தான். பேத்தி ஏ.எல். படிக்கிறாள்; அவருக்கோ கொப்பிகளில் கிடக்கும் பழைய வசந்தன் கூத்துப் பாட்டுகளை டைப் பண்ணி வைக்க ஆசை.

“சேர், பிளக்கைக் கழற்றி வைங்க. நான் வாறன்.”

பின்னேரம் போனேன். சீமெந்துத் தரை, வெறுங்கால். பிளக்கைத் திரும்பக் கொளுவி, டெஸ்டரைப் பெட்டியின் பின்பக்கத் திருகாணியில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பவர் சப்ளையோடு வந்த கேபிளின் பிளக்கில் இரண்டு உருண்டை முனைகள் மட்டும். சுவரில் இருந்ததோ 13 அம்பியர் சதுரத் துளை பொயிண்ட். மேல் துளைக்குள் யாரோ பேனையை விட்டு மூடியைத் திறந்து, அந்தப் பிளக்கை அமுக்கியிருந்தார்கள்.

அந்தக் கொம்பியூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன் நான். விண்டோஸ் போட்டு, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். கேபிளைப் பார்க்கவில்லை. இன்று நினைத்தாலும் மனம் சுடுகிறது.

அந்த உருண்டை முனைப் பிளக் ஐரோப்பியப் பாணி. அதில் ஏர்த், அதாவது கசியும் கரண்டை நிலத்துக்கு இறக்கும் இணைப்பு, இல்லாமல் இல்லை. பிளக்கின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு உலோகத் தகடுகள்தான் ஏர்த். நம் பொயிண்டில் அந்தத் தகடுகள் தொட ஒன்றுமே கிடையாது. கொம்பியூட்டர் ஓடும், படம் வரும், பிழை எதுவும் தெரியாது. பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கபாசிட்டர்கள், கரண்ட் வரும் லைன் வயரிலிருந்தும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரிலிருந்தும் பெட்டியின் தகட்டுக்குப் போகின்றன. ஏர்த் இருந்தால் அந்தச் சொற்பக் கரண்ட் நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், தகட்டில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால்தான் எறும்பு ஊர்வதோடு முடிகிறது. ஆனால் உள்ளே ஒரு காப்பு உடைந்து லைன் நேராகத் தகட்டில் பட்டால், அதைத் தொடும் பிள்ளையைக் காக்க அங்கே ஏர்த் இல்லை. இப்படி ஏர்த் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது டீவியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் தொடுத்து, இரண்டு பக்கப் போர்ட்டும் எரிந்துபோன கேஸ்களும் என்னிடம் வந்திருக்கின்றன.

மூன்று முனைக் கேபிள் மாற்றினேன். டெஸ்டர் இன்னும் எரிந்தது! மறுகா எலக்ட்ரீசியனோடு போய் நிலத்தில் அடித்திருக்கும் வீட்டின் ஏர்த் கம்பியைத் தேடினோம். கிணற்றடிக்குப் பக்கத்தில், பூஞ்செடிச் சட்டிக்குப் பின்னால் கிடந்தது. கம்பியையும் வயரையும் பிடித்திருந்த கிளாம்பை விரலால் தொட்டதும் துருவாக உதிர்ந்தது. வயர் ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம். கடலோர வீடுகளில் இது புதினம் இல்லை. உப்புக் காற்று உலோகத்தைத் தின்கிறது. அதோடு, காய்ந்த கடல் மணல் கரண்டை லேசில் உள்ளே விடாது. அதனால் ஈரம் தட்டும் ஆழத்துக்குக் கம்பியை இறக்கி, மீற்றர் வைத்து அளந்துதான் எலக்ட்ரீசியன் வேலையை முடித்தார்.

சிலர் செலவைப் பார்த்து, பொயிண்டுக்குள் ஏர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், கொம்பியூட்டர் பெட்டி, ஃபிரிட்ஜ் கதவு எல்லாம் முழு லைனாகிவிடும்.

அடுத்தது இடி. நம் பக்கத்தில் ஐப்பசியும் சித்திரையும் மோசமான காலம். “யூ.பி.எஸ். இருக்குத்தானே” என்று நம்பியிருந்த களுவாஞ்சிக்குடி வீடொன்றில் யூ.பி.எஸ்.ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, மதர்போர்ட் போய்விட்டது. இன்டர்நெட் கேபிள் கொளுவும் லேன் போர்ட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். எட்டு ஊசிகளில் இரண்டு கருகியிருந்தன. ரவுட்டருக்கு வரும் போன் லைன் வழியாக இறங்கி, லேன் கேபிளைப் பிடித்து வந்திருக்கிறது. போன் லைனுக்குப் பதிலாக வரும் ஃபைபர் இழை கரண்டைக் கடத்தாது என்றாலும், ரவுட்டரின் அடாப்டர் சுவர்ப் பொயிண்டில்தானே இருக்கிறது! பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் இடியால் வரும் சேதம் சேராது. சுவிட்சை நிற்பாட்டினால் லைன் மட்டுமே துண்டிக்கப்படும், நியூட்ரல் தொடுத்தபடியே இருக்கும். ஆகவே பிளக்கையும் லேன் கேபிளையும் உருவி எடுங்கள். அதையும் மேகம் கறுக்கும்போதே செய்யுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் கை வைக்க வேண்டாம், கொம்பியூட்டர் போனால் போகட்டும்.

யூ.பி.எஸ். தேவைதான், அது கரண்ட் போகும்போது வேலையைச் சேமித்து நிறுத்த. அதன் 12 வோல்ட் பற்றரி 2, 3 வருடத்தில் களைத்துவிடும். லேசர் பிரிண்டரை அதில் கொளுவ வேண்டாம்.

உப்பைப் பற்றி இன்னுமொன்று. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையும். மதர்போர்டில் படிந்த கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூளும் மழைக்காலத்தில் அப்படித்தான் கரைந்து, மயிரிழைத் தடங்களுக்கு நடுவே கரண்டைக் கசியவிடும். மேசையைக் கடல் பார்த்த ஜன்னலடியில் போடாதீர்கள். மார்கழியில் கொம்பியூட்டரை வாரக்கணக்கில் மூடி வைக்காமல், இடி மின்னல் இல்லாத நேரம் பார்த்து அரை மணித்தியாலமாவது ஓட விடுங்கள். உள்ளே பிறக்கும் சூடே ஈரத்தை விரட்டும். இதைச் சேரிடம் சொன்னபோது கொப்பியைப் புரட்டிக் காட்டினார்.

“அப்ப மழைக்குள்ள நாளுக்கொரு பாட்டு அடிக்கிறன் தம்பி. இன்னும் நாற்பது கிடக்கு.”