"நாத்தம் அடிக்குதாம்மா?"

சர்க்கரை நோயால் காலில் புண் வந்து சர்ஜிக்கல் வார்டில் படுத்திருந்த ஒரு பாட்டிக்கு அன்று டிரெஸ்ஸிங் செய்தது என் இரண்டாமாண்டு நர்சிங் மாணவி. கட்டைப் பிரித்ததும் வாடை வந்தது. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தை அரை நொடி தோள் பக்கம் திருப்பினாள், மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி புண்ணைப் பார்த்தாள், அவ்வளவுதான். கையுறை, சலைன், காஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்த வரிசைப்படியே நடந்தது. பாட்டிதான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "நாத்தம் அடிக்குதாம்மா? மன்னிச்சுக்கோ" என்றார்.

புண்ணோடு படுத்திருப்பவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மாணவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிராக்டிகலில் நாங்கள் மதிப்பெண் போடும் தாளில் கை கழுவியதற்கு மார்க் உண்டு, ஃபோர்செப்ஸ் பிடித்த விதத்துக்கு உண்டு. முகம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

வகுப்பில் இந்தப் பாடம் இல்லாமல் இல்லை. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையில் உருவாகும் உறவே பராமரிப்பின் மையம் என்று அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952-லேயே எழுதிவிட்டார். மாணவர்களும் அதை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். கூடவே, 'தகவல் பரிமாற்றத்தில் 93 சதவீதம் உடல்மொழி' என்றும் எழுதுவார்கள். அந்த வரியை நான் அடித்துவிடுவேன். அந்த எண்ணுக்கு மூலமான, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967 ஆய்வுகள் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்ற உணர்வு எப்படி வெளிப்படுகிறது என்பதைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அந்தக் கணக்கைப் போட முடியாது. இன்சுலின் எத்தனை யூனிட் என்பதை வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பாட்டிக்குப் பிறகு நான் செய்த ஒரு மாற்றம், மாணவர்களையே நோயாளியாகப் படுக்க வைத்தது. நர்சிங் லேபில் பொம்மையை இறக்கிவிட்டு அந்தக் கட்டிலில் ஒருவர் படுக்க வேண்டும். இன்னொருவர் வாயே திறக்காமல் வந்து காய்ச்சல் பார்த்துவிட்டுப் போக வேண்டும். முதல் தடவை கேஸ் ஷீட்டைப் பார்த்தபடியே வருவது. அடுத்து, தலைமாட்டுப் பக்கமாக வந்து மேலே குனிவது. கடைசியாக, இரண்டடி தள்ளி நின்று, அவர் கண்ணில் பட்ட பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்வது. படுத்திருந்த ஒரு மாணவர் எழுந்ததும் சொன்னார்: "மேடம், என் ஃபிரெண்டுதான்னு தெரிஞ்சும் அவன் மேல குனிஞ்சப்ப பயந்துட்டேன்."

உட்கார்வதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கேன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2012-இல் வெளியானது. மருத்துவர் உட்கார்ந்து பேசியது சராசரியாக 1 நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். நோயாளிகளோ அவர் 5 நிமிடத்துக்கு மேல் இருந்ததாகச் சொன்னார்கள். 'எங்கே மேடம் நேரம்?' என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன். ஸ்டூலில் அட்டென்டர் உட்கார்ந்திருந்தால் முட்டியை மடக்கிக் கீழே இறங்குங்கள். தொற்று பரவும் என்பதால் கட்டிலில் மட்டும் உட்கார வேண்டாம்.

எதிரில் இருப்பவரைக் கவனித்துக் கேட்பதற்கு உளவியலாளர் ஜெரார்ட் ஈகன் வகுத்த முறையில் 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்று ஓர் அம்சம் உண்டு. இதை அப்படியே நம் வார்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது என் அனுபவம். ஓர் ஆண் மாணவர், கிராமத்திலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண்ணிடம் கண்ணை எடுக்காமல் விவரம் கேட்டார். அந்தப் பெண் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். இப்போது கொஞ்சம் சாய்வாக உட்காரச் சொல்கிறேன். நோயாளி பேசும்போது முகத்தைப் பார், அப்புறம் பார்வையை எடுத்துவிடு.

தொடுதலிலும் இப்படித்தான். தோளைத் தட்டிக் கொடுப்பது ஒருவருக்கு ஆறுதல், இன்னொருவருக்குக் கூச்சம். ஆனால் நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடிப்பதில் பெரும்பாலும் அந்தச் சங்கடம் வருவதில்லை. அங்கேயும் 15 நொடி எண்ணி நாலால் பெருக்கிவிட்டு ஓடுகிறார்கள். நான் முழு ஒரு நிமிடம் எண்ணச் சொல்வேன். தாறுமாறான துடிப்பு இருந்தால் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த ஒரு நிமிடம் ஒரு கை அவரைப் பிடித்திருக்கிறது. முப்பதாவது நொடிக்குமேல் இறுக்கமாக இருந்த விரல்கள் மெல்லத் தளர்வதை நானே பல தடவை உணர்ந்திருக்கிறேன்.

நம் உடல் பேசுவது போலவே அவர்கள் உடலும் பேசுகிறது. போன மாதம் ஒரு மாணவி, ஆபரேஷன் முடிந்த அம்மாவிடம் டிரிப்பைப் பார்த்தபடி "வலி இருக்காம்மா?" என்றாள். "இல்ல கண்ணு" என்றார். பதிவேட்டில் வலியின் அளவு பூஜ்யம் என்று எழுதப் போனவளைப் போர்வைக்கு வெளியே தெரிந்த காலைப் பார்க்கச் சொன்னேன். விரல்கள் உள்பக்கமாக இறுக மடங்கியிருந்தன. மறுபடி, இந்தத் தடவை உட்கார்ந்து கேட்டாள். "உங்களுக்கெல்லாம் எவ்வளவு வேலை, எதுக்குத் தொந்தரவுன்னுதான்" என்று அந்த அம்மா அழுதுவிட்டார். மாணவி டியூட்டி டாக்டரைக் கூப்பிட எழுந்தாள். போவதற்கு முன் அந்த அம்மாவின் கைமேல் கை வைத்துவிட்டுப் போனாள்.