குற்றவுணர்வு, இழிவுணர்வு: சொல் விளக்கம்

உளவியலில் ‘கில்ட்’ (guilt) வேறு, ‘ஷேம்’ (shame) வேறு. அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971இல் வகுத்த பிரிவையே இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள்: கில்ட் செயலைப் பற்றியது, ஷேம் ஆளைப் பற்றியது. அம்மாவின் பர்ஸிலிருந்து 100 ரூபாய் எடுத்த 10 வயதுப் பையன் “எடுத்திருக்கக் கூடாது” என்று தவித்தால் அது கில்ட். “நான் திருட்டுப் பய, என்னை யாருக்கும் பிடிக்காது” என்று முடங்கினால் ஷேம். முதலாவது பணத்தைத் திருப்பி வைக்கச் சொல்லும். இரண்டாவது ஒளியச் சொல்லும், பொய் சொல்ல வைக்கும், சில நேரம் தம்பியின் முதுகில் ஓர் அடியாகவும் வெளிவரும்.

கில்டுக்குக் ‘குற்றவுணர்வு’ என்ற சொல் நிலைத்துவிட்டது. எழுத்துக்குச் சரி. ஆனால் குற்றம் என்றதும் போலீசும் கோர்ட்டும் நினைவுக்கு வருவதால், பிள்ளையிடம் பேசும்போது கனக்கிறது. “மனசு உறுத்துதா?” என்று கேட்டால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

சிக்கல் ஷேமில்தான். ‘வெட்கம்’ என்பது வெள்குதல் என்ற பழைய வினையிலிருந்து வந்தது. இன்று கல்யாணப் பேச்சுக்குச் சிவக்கும் முகமும் வெட்கம், மேடையில் வரும் கூச்சமும் வெட்கம். ‘அவமானம்’ வடசொல்; மானத்துக்கு நேர்ந்த கேடு. அதற்கு அவமானப்படுத்தும் ஒருவர் வேண்டும். ஷேமுக்கு யாரும் வேண்டாம், பூட்டிய அறையிலும் வரும். ‘நாண்’ நல்ல பழஞ்சொல். “கருமத்தால் நாணுதல் நாணு” என்று குறள் (1011) செயலுக்காக நாணுவதையே நாணம் என்று வரையறுத்து, பெண்களின் நாணத்தை வேறு என்று ஒதுக்குகிறது. அதாவது வள்ளுவரின் நாண் கில்டுக்கே நெருக்கம். நாம் அன்றாடப் பேச்சில் வைத்துக்கொண்டதோ அவர் ஒதுக்கிய பொருளை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) ஒன்றான ‘இளிவரல்’, அதாவது இழிவுபட்ட உணர்வு, இன்னும் கிட்டே வருகிறது, ஆனால் வழக்கில் இல்லை. ஆகவே எழுத்தில் ‘இழிவுணர்வு’ என்பதே எங்கள் தேர்வு. பிள்ளைகள் இந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். “அசிங்கமா இருக்கு”, “கேவலமா போச்சு”, “ஸ்கூலுக்குப் போக மாட்டேன்” என்பார்கள். காது கொடுக்க வேண்டியது அதற்கு.

தமிழ்நாட்டு வீடுகளில் பல குழந்தைகளுக்கு ‘ஷேம்’ முதலில் அறிமுகமாவது உடம்போடு. ஜட்டி போடாத குழந்தையைப் பார்த்து “ஷேம் ஷேம்” என்று கைகொட்டுகிறோம். அந்த உறுப்புக்கே அது பெயராகிவிடுகிறது. பின்னால் யாராவது தவறாகத் தொட்டால், சொல்லப் பெயர் இல்லை. இருக்கும் ஒரே பெயரும் வெட்கக்கேடு. உறுப்புகளுக்கு நேரான பெயரை மூன்று வயதிலேயே சொல்லிக் கொடுங்கள்.

இந்த உணர்வுகள் பிறவியில் வருவதில்லை. கண்ணாடியில் தெரிவது தானே என்று 18 முதல் 24 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் அறிகிறார்கள். அதன் பிறகே இவை முளைக்கின்றன. மூன்று, நான்கு வயதில் இன்னொரு கோளாறு: அப்பா அம்மா சண்டைக்கும் பாட்டியின் சாவுக்கும் தான்தான் காரணம் என்று குழந்தை நம்பிவிடும். அதைக் கேட்காமலே மறுத்துச் சொல்லிவிட வேண்டும். பதின்வயதில் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும். 1967இல் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் இதைக் ‘கற்பனைப் பார்வையாளர்’ என்றார். “நாலு பேர் என்ன சொல்வாங்க” என்பது அந்த வயதில்தான் மிக ஆழமாகக் குத்தும்.

அந்த 100 ரூபாய்க்கு வருவோம். தனியாகக் கூப்பிடுங்கள், சித்தப்பா முன்னால் வேண்டாம். “பர்ஸில் 100 ரூபாய் எடுத்திருக்க” என்று செயலை மட்டும் சொல்லுங்கள். “ஏன்டா எடுத்த?” என்றால் பொய்தான் வரும், “என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பிறகு ஈடு: வாரம் 20 ரூபாய் கைச்செலவுக்குக் கிடைத்தால், 10 ரூபாயாகப் பத்து வாரம். கடைசித் தவணையோடு பேச்சு முடிந்தது. பெரும்பாலும் கெடுவது இங்கேதான். அடுத்த தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் நடுவில் அந்தக் கதை மறுபடி வரும். ஈடு செய்தும் தீராத கடன் இழிவுணர்வாக மாறும். “உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படறேன்” என்பதும் அதே வகை. அந்தக் கடனை எந்தப் பிள்ளையாலும் அடைக்க முடியாது.

அளவு மீறிய குற்றவுணர்வும், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும் மனச்சோர்வு நோயின் ஒன்பது அறிகுறிகளில் ஒன்றாகக் கணக்கிடப்படுகின்றன. பிள்ளைகளிடம் சோகத்துக்குப் பதில் எரிச்சலே முன்னால் நிற்கலாம், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். தூக்கம், சாப்பாடு, படிப்பு, விளையாட்டு மாறி இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். “நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்” என்ற பேச்சோ, கையில் கீறலோ இருந்தால் இரண்டு வாரம் பார்க்கக் கூடாது. அன்றே போக வேண்டும், அதுவரை தனியே விடக் கூடாது. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். வீட்டிலேயே யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.