மதில்மேல் பூனையைக் கொடி அசைக்குமா?

2008 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் ஒரு சோதனை. இணையக் கருத்துக்கணிப்பில் சிலருக்கு மட்டும் திரையின் மூலையில் சின்னதாக ஒரு தேசியக் கொடி. அதைப் பார்த்தவர்கள் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள், சாய்வு 8 மாதம்வரை நீடித்தது என்று 2011-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2014-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து 36 குழுக்களில், 6,000-க்கும் மேற்பட்டோரிடம் அதே ஆய்வாளர்களின் இன்னொரு கொடிச் சோதனையைத் திரும்பச் செய்தன. சாய்வு காணாமல் போனது.

ஆக, வெறும் கொடி போதாது. ஜனரஞ்சக அரசியல் அதோடு ஓர் இழப்பைச் சேர்க்கிறது: நாம் நல்ல மக்கள், மேலே இருப்பவர்கள் நம்மை ஏமாற்றிவிட்டார்கள். டிரம்ப்பின் 'அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம்' என்பதில் வேலை செய்வது 'மீண்டும்' என்ற சொல்தான். 1980-இல் ரீகனும் இதையேதான் சொன்னார். கெடுத்தது யார் என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார்.

இது யார் காதில் விழுகிறது? பியூ ஆய்வு மையத்தின் 2019 கணக்குப்படி, 38% பேர் தங்களை எந்தக் கட்சியையும் சேராத சுயேச்சை என்றார்கள். உண்மையில் எந்தப் பக்கமும் சாயாதவர்கள் மொத்தத்தில் 7% மட்டுமே. இவர்கள் கொள்கைகளை நிறுத்துப் பார்க்கும் நடுநிலையாளர்கள் என்பது பத்திரிகைகள் வளர்த்த கற்பனை. பெரும்பாலும் அரசியலில் ஆர்வமே குறைந்தவர்கள். 2016-இல் இரு வேட்பாளர்களையும் பிடிக்காத 18% வாக்காளர்கள், 47-க்கு 30 என்று டிரம்ப்புக்குச் சாய்ந்தார்கள். விஸ்கான்சினில் கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்களிடம் அவர் ஏறக்குறைய 30 புள்ளி முன்னணி பெற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 78,000-க்கும் குறைவு. பதிவானவையோ சுமார் 1 கோடியே 39 லட்சம் வாக்குகள்.

இதை அப்படியே தேசப்பெருமையின் கணக்கில் எழுதினால் தப்பு. அக்டோபர் 28-இல்தான் ஹிலாரியின் மின்னஞ்சல் விவகாரம் குறித்த எஃப்.பி.ஐ. இயக்குநரின் கடிதம் வந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க வழியில்லை. தேர்தலுக்கு முந்தைய பல மாநிலக் கருத்துக்கணிப்புகள் கல்வித்தகுதிக்கு ஏற்பக் கணக்கைச் சரிசெய்யாததால், கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களின் எடை குறைந்துபோனது. 'அலை' என்று நாம் பார்த்ததில் ஒரு பங்கு முன்பே இருந்தது, அளவுகோலில்தான் தெரியவில்லை. தேர்தல் பிரசாரத்தில் வீடு வீடாகப் போவதையும் அஞ்சல் பிரசுரங்களையும் அளந்த 49 களச்சோதனைகளை 2018-இல் தொகுத்தபோது, பொதுத்தேர்தலில் மனமாற்றம் சராசரியாகப் பூஜ்யம்.

பெருமையும் இப்போது பொதுச்சொத்து அல்ல. 2025 கேலப் கணிப்பில் அமெரிக்கராக இருப்பதில் மிகுந்த பெருமை என்றவர்கள் குடியரசுக் கட்சியினரில் 92%, ஜனநாயகக் கட்சியினரில் 36%, சுயேச்சைகளில் 53%.