போல்ட் சீல் – காப்பு முத்திரை

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் முந்திரி ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை, அண்டியாபீஸ்தான். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து காலி கன்டெய்னருடன் வரும் லாரி அதன் முற்றத்தில் நிற்கும். பருப்பு ஏற்றி முடிந்ததும், கதவுக் கைப்பிடியின் துளையில் தடித்த இரும்பு ஆணி ஒன்றைச் செருகி, மறுமுனையில் சிறு உருளையை வைத்து அழுத்துவார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு கையால் பிரிக்க முடியாது. நீண்ட பிடியுள்ள இரும்புவெட்டிதான் வேண்டும். இதுதான் போல்ட் சீல். இதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிப் பார்க்கிறேன்.

முதலில் பார்த்தபோது நானும் அதைப் பூட்டு என்றே நினைத்தேன். பூட்டைத் திறக்கலாம், மறுபடி பூட்டலாம். இடையில் யாரோ திறந்தார்கள் என்பதை அது சொல்லாது. சீல் ஒரே முறைதான் பயன்படும். வெட்டிவிட்டு வேறொன்றை மாட்டினால் அதில் பொறித்த எண் மாறியிருக்கும். திறந்ததைக் காட்டிக் கொடுப்பதே அதன் முதல் வேலை.

இலத்தீனில் 'சிக்னும்' என்றால் குறி. அதன் சிறுமை வடிவமான 'சிகில்லும்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சீல்' ஆயிற்று. தமிழில் அது பல வேலை செய்கிறது. அலுவலகத்தில் ரப்பர் ஸ்டாம்பும் சீல்தான், அதிகாரிகள் கடையை மூடுவதும் சீல்தான்.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்குக்குச் சோழரின் புலிச்சின்னம் இட்டு அனுப்பியதைப் பட்டினப்பாலை 'புலி பொறித்துப் புறம் போக்கி' என்கிறது. 'பொறி' பழைய, அழகான சொல். ஆனால் இன்று அது எந்திரத்தையும் எலிப்பொறியையும்தான் நினைவூட்டும். 'முத்திரை' வடமொழியிலிருந்து வந்தாலும் அரக்கு முத்திரை, முத்திரைத்தாள் என்று ஊறிப்போனது. தனியாக நின்றால் மை முத்திரையோடு குழம்பும் என்பதால், முன்னால் 'காப்பு' சேர்க்கலாம் என்பது என் கருத்து. கோவில் கொடைக்குக் கையில் கட்டும் காப்பு நமக்குத் தெரியும்: காவலும் அதுவே, அடையாளமும் அதுவே, இடையில் அவிழ்க்கக் கூடாது.

இந்தப் பெயர் பொருளோடும் பொருந்துகிறது. ஐ.எஸ்.ஓ. 17712 என்ற பன்னாட்டுத் தரம் இவற்றை வலிமைப்படி மூன்றாகப் பிரிக்கிறது. எளிதில் அறுபடும் பிளாஸ்டிக் பட்டை அடையாளம் காட்ட மட்டுமே. அதை முத்திரை என்றால் போதும். 'எச்' எழுத்துப் பொறித்த உயர்காவல் வகைதான் தடுக்கவும் செய்கிறது. அதுவே காப்பு முத்திரை. ஆலையிலேயே தாமாக முத்திரையிடும் ஏற்றுமதியாளர்களுக்கு 2017-இல் சுங்கத்துறை மின்னணு முத்திரையைக் கொண்டுவந்தது.

மாட்டினால் மட்டும் போதாது. பார், எண்ணைச் சரிபார், இழு, திருகு என்பது உலகெங்கும் சொல்லித்தரும் நான்கு படி. ஒருமுறை முத்திரை எண்ணின் 8-ஐ நான் 6 என்று எழுதிவிட்டேன். துறைமுக வாசலில் வண்டி ஒரு பகல் முழுக்க நின்றது. அன்று கோபப்பட்டேன், இன்று வண்டியை நிறுத்திய காவலர் செய்தது முற்றிலும் சரி என்பேன். முத்திரையைத் தொடாமல் கைப்பிடியின் ரிவெட்டைக் கழற்றிக் கதவைத் திறக்கும் திருடர்களும் உண்டு. ஆகவே ரிவெட்டின் தலையையும் தடவிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முத்திரை 'திறக்கவில்லை' என்றுதான் சொல்லும். உள்ளே என்ன என்று சொல்லாது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் 600-க்கு மேற்பட்ட கன்டெய்னர்களுடன் ஒரு கப்பல் மூழ்கியது. சிலவற்றில் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவை வெளிவிடும் கால்சியம் கார்பைடு இருந்தது. சில நாட்களில் ஜவ்வரிசி போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை குமரிக் கடற்கரையிலும் ஒதுங்கியது. இது என்ன, தொடலாமா என்று கரையில் நின்றவர்கள் கேட்ட கேள்விக்கு விடை முத்திரையில் கிடையாது. கப்பலின் சரக்குப் பட்டியலில்தான் இருக்கும், அதுவும் ஏற்றியவர் உண்மையை எழுதியிருந்தால்.