'சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க' என்று பயமுறுத்தாதீர்கள்

குடல்வால் அறுவை முடிந்து இரண்டாம் நாள். ஏழு வயதுப் பையன் சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை வயிற்றோடு மடக்கி, அசையாமல் படுத்திருக்கிறான். "சமர்த்தா தூங்குறான் சிஸ்டர், வலியெல்லாம் இல்ல" என்கிறார் அம்மா. போர்வையை விலக்கினால், விரல்கள் விரிப்பை இறுகப் பிடித்திருக்கின்றன. கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிறான். நீலகிரியில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் எங்களுக்கு இது எத்தனையாவது குழந்தை என்றே தெரியவில்லை.

'வலிக்குது' என்றால் ஊசி வரும் என்று அவனுக்குச் சொல்லித் தந்தது யார்? "சாப்பிடலேன்னா சிஸ்டரைக் கூப்பிடுவேன்", "அடம் பிடிச்சா பெரிய ஊசி" என்று வீட்டிலேயே ஆரம்பிக்கிறீர்கள். ஊசியைத் தண்டனையாக்கிவிட்டால், வலியைச் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது போலாகிவிடுகிறது. பிறகு எங்களைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறான். வயிற்றில் தையல் உள்ள குழந்தை வலிக்குப் பயந்து இருமுவதில்லை, ஆழமாக மூச்சிழுப்பதில்லை. சளி தேங்கி நிமோனியா வரை போகலாம். அமைதியாக இருக்கிறான் என்பதும் வலி இல்லை என்பதும் ஒன்றல்ல. தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

"வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். முதல் குத்தோடு உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும். "சுருக்குனு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், அம்மா பிடிச்சிருக்கேன்" என்று சொல்லுங்கள். படுக்க வைத்து நாலு பேர் அமுக்காமல், மடியில் நெஞ்சோடு அணைத்து உட்கார வையுங்கள். கைக்குழந்தை என்றால் ஊசிக்கு முன்பே தாய்ப்பால் கொடுக்க ஆரம்பித்து, முடியும்வரை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, மலைக்கே உரியது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் கை சில்லிட்டு ரத்தக்குழாய் சுருங்கிவிடும். டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் குழாயைப் போட இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டியதாகிறது. குழந்தையின் கையை உறை போட்டு, உங்கள் உள்ளங்கைக்குள் பத்து நிமிடம் கதகதப்பாக வைத்திருந்தாலே எங்கள் வேலை பாதி முடிந்தது.

குழந்தையின் முகம் எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். வலித்தால் உங்கள் பிள்ளை அழுவாளா, பேச்சை நிறுத்துவாளா? 'உவ்வா' என்பாளா? வீட்டில் படுகு பேசினால், பணியர் மொழி பேசினால், வலிக்கு என்ன சொல்வாள்? சேர்க்கும் அன்றே சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்வோம். எவ்வளவு வலி என்று காட்டும் முகப்படங்கள் உள்ள அட்டையை நீட்டினால் குழந்தையே விரல் வைக்கட்டும், நீங்கள் காட்டாதீர்கள்.

"தூங்குறான், மருந்துக்கு எழுப்பாதீங்க" என்று தடுக்கவும் வேண்டாம். அறுவைக்குப் பிந்தைய முதல் நாட்களில் வலி மருந்தை நேரப்படி கொடுப்பதே முறை. வலி ஏறியபின் இறக்குவது கஷ்டம். வெந்நீர் கொட்டிய காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது, "அரை மணிக்கு முன்னாடியே வலி மருந்து கொடுத்தாச்சா சிஸ்டர்?" என்று தாராளமாகக் கேளுங்கள். கோபிக்க மாட்டோம். வலி மருந்தால் புண் ஆறாது, பழகிவிடும் என்பதெல்லாம் வீண் பயம்.

ஆனால் வீட்டு சிரப்பை ஒளித்து ஊட்டாதீர்கள்! பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150. ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலில் அது 6 மில்லி, 250 உள்ளதில் 3 மில்லி, மில்லிக்கு 100 உள்ள சொட்டு மருந்தில் வெறும் 1.5 மில்லி. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகும். இடைவெளி குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. பல சளி சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. நாங்கள் டிரிப்ஸில் ஏற்றியதோடு இதுவும் சேர்ந்தால் பாதிப்பு கல்லீரலுக்கு. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

காலையில் தோட்ட வேலைக்குக் கிளம்பும் அம்மா, பக்கத்தில் இருக்கப்போகும் பாட்டியிடம் டிபன் டப்பாவோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்துவிட்டுப் போகட்டும்: கடைசி மருந்து எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அதற்குப் பிறகு பிள்ளை எழுந்து உட்கார்ந்தாளா.