கியர்பாக்ஸ் பேனுக்கு ஒரு டிரெய்ன் பிளக்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தகட்டுத் தட்டுதான் பேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல் கார்களில் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற கியர்பாக்ஸில் இதை 13 போல்ட்டுகள் பிடித்திருக்கும். பேனின் அடியில் திருகித் திறந்து ஆயிலை வடிக்கும் மூடியான டிரெய்ன் பிளக் பொதுவாக இருக்காது. ஆயிலை வடிக்கப் பேனையே இறக்க வேண்டும். ஒரு பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் பேன் சாய்ந்து, சிவப்பு ஆயில் விளிம்பு நெடுக வழியும். ஃபில்டரை மாற்ற எப்படியும் பேனைக் கழற்றத்தானே வேண்டும் என்று கேட்கலாம். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவருக்கு அந்தப் பதில் போதாது. பிளக் பொருத்தும் கிட்டுகள் இதற்காகவே விற்பனையாகின்றன.

பேன் தகடு மெல்லியது. அதன் கனத்தில் ஓரிரு சுற்று மரைகூடச் சரியாக நிற்காது. எனவே கிட்டில் மரை வெட்டிய ஒரு சிறு குழல் வரும். துளையில் அதை நுழைத்து, வாஷர் வைத்து நட்டால் இறுக்கினால் தகட்டை இருபுறமும் கவ்விக்கொள்ளும். பிளக் அந்தக் குழலுக்குள் ஏறும். குழலின் உள்விளிம்பு சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பதால் அதற்குக் கீழே கொஞ்சம் ஆயில் வடியாமல் தங்கும். வெளிப்புறம் நட்டை வெல்டிங் செய்தால் இந்தக் குறை தீரும். ஆனால் சூட்டில் தகடு முறுக்கிக்கொண்டால் கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் பட்டை) உட்காரும் விளிம்பு சமமாக இருக்காது, அங்கிருந்து கசியும்.

துளைக்கு இடம் பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. பேனின் ஆழமான பகுதி வேண்டும். ஆனால் ஃபில்டர் அடித்தட்டுக்கு மிக அருகில் தொங்குகிறது. அதன் வாயை நட்டு மறைத்தால் பம்ப்புக்கு ஆயில் போகாது. துளையிடும் முன் அந்த இடத்தில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, கேஸ்கெட்டோடு பேனை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் உயரம்தான் உள்ளே இருக்கும் இடைவெளி. பிளக் தலை கல்லில் இடிபடாத இடமாகவும் இருக்க வேண்டும்.

பேனைக் கழற்றி வைத்துத்தான் துளையிட வேண்டும். பிசிறை அரத்தால் தேய்த்து, பேனைக் கழுவித் துடைக்க வேண்டும். ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிட்டுக் கியரை மாற்றும் வால்வு பாடியில் வால்வுகள் நூலிழை இடைவெளியில் வழுக்கி ஓடுகின்றன. ஒரு இரும்புத் துகள் சிக்கினாலே கியர் மாறுவது தடுமாறும்.

பிளக்கைத் திறந்தால் வடிவது பேனில் நின்ற ஆயில் மட்டுமே. பாதிக்கு மேல், எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் மற்ற வழிகளிலும் தங்கிவிடும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினால் பழைய ஆயிலின் பங்கு இன்னும் குறையும். இனி அதற்குக் கேஸ்கெட்டைத் தொட வேண்டியதில்லை.